நேற்று இன்று நாளை: நிறம் மாறும் மணமலர்ப் புதரை வளர்க்கும் முறை

கருநீலம் கலந்த ஊதாவாக விரிந்து, வெளிர் ஊதாவாக மங்கி, மூன்று நான்கு நாள்களில் வெள்ளையாகிவிடும் பூக்களைக் கொண்ட புரூன்ஃபெல்சியாவுக்கு ‘நேற்று இன்று நாளை’ என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புதர், கத்தரியும் தக்காளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணின் தன்மையை மாற்றி ஹைட்ரேஞ்சியா என்னும் பூச்செடியின் நிறத்தை மாற்றுவது போன்ற வேலை எதுவும் இதற்குத் தேவையில்லை. இதழிலுள்ள ஆந்தோசயனின் நிறமி பூ முதிர முதிரத் தானே சிதைவதால்தான் நிறம் வெளுக்கிறது.

மணத்தை விரும்பி வாங்குவோர் செடி பூத்திருக்கும்போது முகர்ந்து பார்த்து வாங்குவதே நல்லது, ஏனெனில் இப்பேரினத்தின் எல்லா வகைகளும் ஒரே அளவில் மணப்பதில்லை. இரவில் மிகுந்த மணம் வேண்டுமென்றால், வெள்ளையாக மலர்ந்து பின்னர் வெளிர் மஞ்சளாகும் புரூன்ஃபெல்சியா அமெரிக்கானாவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதில் ஊதா நிறத்தை எதிர்பார்க்கக் கூடாது.

காலை வெயில் படுவதும் உச்சிவேளையில் நிழல் விழுவதுமான இடமே இதற்கு ஏற்றது. முழு நிழலில் இலைகள் செழித்தாலும் பூக்கள் குறைந்துவிடும். செடியின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாகக் காயும் விதையும், நச்சுத்தன்மை கொண்டவை. நாய்கள் தின்றால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும் என்பதால், வளர்ப்பு விலங்குகளும் சிறு குழந்தைகளும் நெருங்க முடியாத இடமாகப் பார்த்து நட வேண்டும்.

இச்செடியில் தோல்வி பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை உள்ள, சற்றே அமிலத்தன்மை கொண்ட, நீர் தேங்காத மண்ணை இது விரும்புகிறது. சுண்ணாம்பும் கட்டட இடிபாடுகளும் கலந்த மண்ணில் நட்டாலோ, சுண்ணாம்பு மிகுந்த கடின நீரைத் தொடர்ந்து ஊற்றினாலோ வேர்களால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போய், நரம்புகள் பச்சையாகவே இருக்க இளந்தளிர்கள் மஞ்சளாகும். இதை உரப் பற்றாக்குறை என்று கருதித் தழைச்சத்தை அள்ளிப் போடுவதைவிட, வேர்கள் எளிதில் எடுக்கக்கூடிய இரும்பு உரமான இரும்புக் கீலேட்டைக் கொடுத்து, மழைநீரைப் பயன்படுத்தி, மக்கிய இலை எருவைச் செடியின் அடியைச் சுற்றி இடுவதே பலன் தரும். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாகத்தான் பெருகும்.

மண் எப்போதும் மிதமான ஈரத்துடன் இருக்க வேண்டும். மேல்மண் விரலுக்குக் காய்ந்தது தெரிந்தவுடன் நீர் ஊற்றினால் போதும். தொட்டியில் வளர்ப்போர் மிகப் பெரிய தொட்டிக்கு ஒரே தாவலில் மாற்ற வேண்டாம், வேர்கள் சற்று நெருக்கமாக இருக்கும்போது இது தாராளமாகவே பூக்கிறது. மாவுப்பூச்சி தென்பட்டால் ஆரம்பத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம்.

பூப்பருவம் முடிந்தவுடன் கவாத்து செய்ய வேண்டும். தாமதமாக வெட்டினால் அடுத்த பருவத்துக்குரிய மொட்டுகளும் போய்விடும். அப்போது கிடைக்கும் பாதி முற்றிய கிளைகளை 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் நறுக்கி, கீழிலைகளை நீக்கி, ஈரமான மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் புதுச் செடிகள் கிடைக்கும். இது மெதுவாக வளரும் இனம், ஆகையால் வேர்விடச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காமல் இருப்பதுதான் கடினம்.