மண் காப்பு உதவி கேட்கப் போகும்முன்

தென்னாப்பிரிக்காவில் ஸ்டேங்கர் பக்கம் கரும்பு போடும் நம் சிறு விவசாயிகள் பலருக்கு, மண் அரிப்பைத் தடுக்க அரசு உதவி இருப்பதே தெரியவில்லை. அதனால்தான் படிவ வேலைக்கு நான் அவர்களோடு போகிறேன்.

முதலில் நிலப் பத்திரம். இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், மழை விட்டதும் வயலில் நடங்கள். தண்ணீர் எங்கே அறுத்து ஓடுகிறது, கரும்பு வேர் எங்கே வெளியே தெரிகிறது என்று போனில் படம் எடுங்கள். அதிகாரியிடம் வாய்ப்பேச்சைவிட அதுதான் எடுபடும். 100 மீட்டர் தூரத்தில் 20 மீட்டருக்கு மேல் இறங்கும் சரிவா? 1983-ஆம் ஆண்டு வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, அதைப் புதிதாக உழ எழுத்து அனுமதி வேண்டும்.

லேண்ட்கேர் என்ற அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டம் ஊர்க் கூட்டு முயற்சிக்கானது. ஒரே ஓடையை ஒட்டிய நிலக்காரர்கள், ஜூலு அண்டை வீட்டாரும் சேர்ந்து, மாகாண வேளாண் துறைக்குப் போங்கள். மேல் நிலம் அரித்தால் கீழ் நிலத்துக் கால்வாய்தானே அடைபடும்!

உங்களில் முன்னாள் படைவீரர்கள் இருந்தால், அவர்களுக்கென உள்ள அரசு உதவிகளுக்காக, படைவீரர் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டத்தில், ஏ.என்.சி. கட்சியின் ஆயுதப் பிரிவாக இருந்த உம்கொண்டோ வெ சிஸ்வே போராளிகளும் அடக்கம்.

படிவம் கொடுத்தால், முத்திரை போட்ட நகல் வாங்காமல் வராதீர்கள்.