பானட்டைத் திறக்கப் பயமா? புதிதாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

மூன்று வருடம் இருக்கும். அம்மாவைத் திருச்சியில் விட்டுவரச் சென்னையிலிருந்து கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பின்பக்க இடது டயர் பஞ்சர். மதியம் ஒன்றரை மணி, சுற்றிலும் பொட்டல். ஸ்டெப்னி இருக்கிறதே என்ற தைரியத்தில் டிக்கியைத் திறந்து அதைத் தூக்கித் தரையில் போட்டேன். கொஞ்சமும் எம்பாமல் தொப்பென்று உட்கார்ந்தது. பழைய வண்டியாக வாங்கி இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்ததில்லை. வழியில் வந்த லாரிக்காரர் ஒருவர் டயரையும் என்னையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பஞ்சர் கடையில் இறக்கிவிட்டார். நான் திரும்பி வரும்வரை ஒன்றரை மணி நேரம், அம்மா சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு காலை, வண்டியை எடுப்பதற்கு முன் இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்கிவிடுகிறேன். இதைச் செய்ய மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை. வண்டி நன்றாக இருக்கும்போது பானட்டுக்குள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் போதும், ஏதாவது மாறும்போது தானாகவே உறுத்தும். வருடத்துக்கு ஒருமுறை நம் வண்டியைப் பார்க்கிற சர்வீஸ் சென்டருக்கு அந்தப் பழக்கம் வராது. நமக்குத்தான் வரும்.

நான் வைத்திருப்பது சின்ன பெட்ரோல் கார். டீசலுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். வேண்டிய சாமான்கள்: கொஞ்சம் பனியன் வேஸ்ட் துணி, ஒரு டார்ச், பழைய டூத்பிரஷ், டயர் காற்றை அளக்கும் கேஜ், ஒரு நோட்டு. முன்சீட் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும் வண்டியின் கையேட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதும் அதில் இருப்பதும் வேறாக இருந்தால் கையேடு சொல்வதையே கேளுங்கள்.

முதல் படி: பானட்டைத் திறப்பது

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். காலையில் பார்ப்பது அதற்காகத்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் கையை விட்டால் பானட் படம் போட்ட ஒரு லீவர் தட்டுப்படும். இழுத்தால் 'டக்' என்று சத்தம் வந்து பானட் ஒரு விரல் அளவு எழும்பும். முன்னால் வந்து அந்த இடைவெளியில் விரலை விட்டுத் தடவினால் இரண்டாவது கொக்கி இருக்கும். அதைப் பக்கவாட்டிலோ மேலேயோ தள்ளிக்கொண்டு தூக்குங்கள். தாங்குகம்பியை அதற்குரிய ஓட்டையில் மாட்டிய பிறகே கையை எடுக்க வேண்டும்.

திறந்ததும் எதையும் தொடாமல் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது ஈரம், எண்ணெய்க் கசிவு, கடித்த ஒயர், எலிப் புழுக்கை? எலி எங்கள் தெருவில் தீராத தலைவலி. ராத்திரி நிறுத்திய வண்டியின் சூட்டுக்கு வந்து தங்கி, ஒயரைக் கடித்துவிடும். புகையிலை கட்டித் தொங்கவிடுவது சிலருக்குக் கைகொடுக்கிறது, எனக்குக் கொடுக்கவில்லை. நிறுத்தும் இடத்தை மாற்றியதுதான் கொடுத்தது. அப்புறம் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் முளைக்கும் இடத்தில் இருக்கும் சருகை அள்ளிவிடுங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு கைப்பிடியாவது கிடைக்கும். அங்கே மழைநீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, கால்மிதிக்கடியில் ஊறும்.

இரண்டாம் படி: எஞ்சின் ஆயில்

மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் வைத்த குச்சி ஒன்று எஞ்சினில் செருகியிருக்கும். அதுதான் டிப்ஸ்டிக். வெளியே இழுத்து பனியன் துணியால் துடையுங்கள். திரும்ப முழுக்க உள்ளே விட்டு எடுங்கள். முதல் முறை எடுத்ததில் தெரியும் அளவை நம்பக் கூடாது, ஓடும்போது தெறித்த ஆயில் குச்சி முழுக்கப் பூசியிருக்கும். நுனியில் இரண்டு குறிகள், அல்லது இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஆயில் தடம் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும், மேல்குறிக்குப் பக்கமாக இருந்தால் நல்லது.

கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள தூரம் பல சின்னக் கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். அதனால் கீழ்க்குறியைத் தொட்டுவிட்டதே என்று ஒரு பாட்டில் முழுவதையும் கவிழ்க்காதீர்கள். கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் விட்டு மறுபடி குச்சியைப் பாருங்கள். அதிகமானாலும் கெடுதல்தான்: உள்ளே சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைத்துவிடும், நுரைக்கு உராய்வைத் தடுக்கும் சக்தி இல்லை. எந்த கிரேடு என்பது கையேட்டில் இருக்கும், 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்கிற மாதிரி.

நிறம் கறுத்திருந்தால் பதறாதீர்கள். அழுக்கைத் தன்னுள் இழுத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். ஆனால் குச்சியில் பால் டீ நிறத்தில் கொழகொழவென்று வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயிலுக்குள் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கும்.

மூன்றாம் படி: கூலன்ட்

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், கைகால் சம்பந்தப்பட்ட விஷயம். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பச்சை, சிவப்பு அல்லது நீல நிற நீர் இருக்கும். டப்பாவின் வெளியிலேயே மேல்குறி, கீழ்க்குறி போட்டிருக்கும். திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே கூடாது. குக்கர் மாதிரிதான் அது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விடுபட்டு, முகத்துக்கு நேரே பீறிட்டு அடிக்கும். ஓட்டும்போது சூட்டு முள் ஏறினாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் கெட்டிலுக்குள் படிவதுபோல ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் வெள்ளையாகப் படியும். முன்பே கலந்து விற்கும் கூலன்ட்டை, வண்டியில் இருக்கும் அதே வகையாகப் பார்த்து வாங்குங்கள். மீதி பாட்டிலைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிக்கும், ஆனால் விஷம். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் டப்பா இதைவிடச் சின்னது, டிரைவர் பக்கம் பின்னால் இருக்கும். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருப்பார்கள். குறி இறங்கினால் நீங்களே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கசிவு இருக்கும், இரண்டுமே மெக்கானிக் பார்க்க வேண்டியவை. கண்ணாடி கழுவும் தண்ணீரை மட்டும் தாராளமாக நீங்களே ஊற்றலாம்.

நான்காம் படி: பேட்டரி

நம் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருடம் உழைத்தால் நல்ல உழைப்பு. கேபிள் மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. சாவியைத் திருப்பியதும் 'கடகட' என்று மட்டும் சத்தம் வந்து வண்டி கிளம்பாததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சுத்தம் செய்ய முதலில் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். காரின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். இந்த வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இன்றும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செய்கிறேன். வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பொடி நுரைத்துக் கரையும். துடைத்து நன்றாகக் காயவிட்டு மாட்டியபின் மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். அந்தப் பொடி கையிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: டயர்

எவ்வளவு காற்று என்பது டயரில் எழுதியிருக்காது. டயரில் இருப்பது அது தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், சின்னக் கார்களில் பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ.க்குள் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு அது). ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், அதனால் காலையில் அளப்பதுதான் கணக்கு. வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் அடித்துக்கொள்ளலாம். நைட்ரஜன் அடித்தே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சாதாரணக் காற்றே போதும்.

அளந்த பிறகு ஒவ்வொரு டயரின் மேலும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம், போயிருக்கிறது. பள்ளங்களுக்குள் சின்ன மேடு ஒன்று குறுக்கே ஓடும், ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ ஒரு முக்கோணமோ அதைக் காட்டும். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படி அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் அது. பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும்.

ஆயுத பூஜைக்கு ஒரு முழு நாள்

மேலே சொன்னது மாதக் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையையொட்டி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பாருங்கள். எப்படியும் அன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறோம், வடகிழக்குப் பருவமழைக்கும் சரியாக அதுவே நேரம். வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். எல்லா விளக்கையும் போட்டு, வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். ஏர் ஃபில்டரையும், முன்சீட் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏ.சி. ஃபில்டரையும் எடுத்து உதறிப் பாருங்கள்.

மழை பற்றி ஒன்றே ஒன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை பார்த்ததுபோல் வெள்ளத்தில் வண்டி மூழ்கினாலோ, தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றாலோ, மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துவிடும். தள்ளி ஓரங்கட்டி, காரை இழுத்துச் செல்லும் டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.

கடைசிப் படி: ஸ்டெப்னி மாற்றப் பழகுதல்

ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரிலிருந்து வந்தது. அங்கே ஸ்டெப்னி தெருவில் 1904இல் உருவான உதிரிச் சக்கரம் அது. தெருவின் பெயர் நம் ஊர்ப் பஞ்சர் கடை வரைக்கும் வந்து தங்கிவிட்டது. அதிலும் மாதாமாதம் காற்றுப் பாருங்கள்.

மாற்றுவதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பழகிவிடுங்கள். நெடுஞ்சாலையில் என்றால் முடிந்தவரை இடது ஓரம் ஒதுங்கி நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பல அடி பின்னால் வைத்து, கூட வந்தவர்களைத் தடுப்புக்கு வெளியே நிறுத்துங்கள். நிற்க இடம் பத்திரமாகத் தோன்றவில்லையென்றால் டயரைத் தொடாமல் 1033க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம்தான் சுற்றும், வண்டியும் ஆடும். கை பலம் போதாவிட்டால் ஸ்பேனரின் நுனியில் காலை வைத்து உடம்பின் கனத்தைக் கொடுங்கள். என் மனைவி இப்படித்தான் முதல் முறையிலேயே நான்கையும் தளர்த்தினாள்.

கதவுக்குக் கீழே தகட்டின் விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும், ஜாக்கியின் தலை அங்கேதான் உட்கார வேண்டும். சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பும்வரை தூக்கி, ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சறுக்கினால் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் கால் மேல் அல்ல. வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்க வேண்டாம். நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவி, அதை அடியில் போட்டுவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். நட்டுகளைக் கையால் திருகி, அடியில் கிடக்கும் சக்கரத்தை இழுத்துக்கொண்டு வண்டியை இறக்கிய பிறகு, ஒன்று விட்டு எதிரே ஒன்றாக ஸ்பேனரால் இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும்.

ஸ்டெப்னி மற்ற டயரைவிட ஒல்லியாக இருந்தால் அதன் மேலேயே வேக வரம்பு ஒட்டியிருக்கும், பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர். அதைத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடைவரை போய், அன்றைக்கே ஒட்டி வாங்கிவிடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.