வலது முட்டி மட்டும் வலித்த கதை

எனக்கு வயது 64. தினமும் காலை 40 நிமிடம் வேகநடை. பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். இரண்டு மாதம் கழித்து வலது முட்டியின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. இடது முட்டியில் ஒன்றுமில்லை.

தைலம், முட்டி உறை, முடக்கத்தான் தோசை எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரேயில் "வயசுக்கேத்த தேய்மானம்" என்றார்கள். அப்படியென்றால் இரண்டு முட்டியும் அல்லவா வலிக்க வேண்டும்? பத்து நாள் நடக்காமல் இருந்து பார்த்தேன். விறைப்பு கூடியதுதான் மிச்சம். புது ஷூவுக்கும் தண்டம்.

ஒரு நாள் ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது தண்ணீர் பாட்டிலை ரோட்டில் படுக்க வைத்தேன். அது உருண்டு நேராகச் சாக்கடை ஓரம் போய் நின்றது. மழைநீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி, ஓரம் சரிவாகப் போடுவார்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் போல. வண்டிக்கு எதிர்முகமாகத்தான் நடக்க வேண்டும் என்று போகும்போதும் வரும்போதும் வலது ஓரம்தான். ஆக, 40 நிமிடமும் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில்.

இடத்தை மாற்றினேன். பக்கத்துப் பள்ளி மைதானம், சமதரை. அங்கேயும் ஒரே பக்கமாகச் சுற்றாமல், ஐந்து சுற்றுக்கு ஒருமுறை திசையைத் திருப்பிக்கொள்கிறேன். முதல் வாரம் 20 நிமிடம்தான். மூன்றாவது வாரம் படியிறங்கும்போதுகூட வலியில்லை. அப்பாடா!

முட்டி உறை அலமாரியில் கிடக்கிறது.