ஹேண்ட்பிரேக்கை நானே சரிசெய்தபோது

லிவரை இழுத்தால் 11 ‘க்ளிக்’ வரை மேலே வந்தது. அப்படியும் சரிவில் வண்டி மெல்ல நழுவியது. பின்னால் டிரம் பிரேக் உள்ள கார். கேபிள்தான் தளர்ந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, லிவருக்கு அடியில் இருக்கும் நட்டை மட்டும் இறுக்கினேன். மறுநாள் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கினால் தீய்ந்த வாடை. பின் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது.

கோளாறு கேபிளில் இல்லை. சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருந்தது. கேபிளை இழுத்துக்கட்டினால் ஷூ முழுசாகப் பின்வாங்காது, அந்த இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.

நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரலில், பின்பக்கம் ஜாக்கி, கூடவே ஸ்டாண்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை). டிரம்மின் பின்தட்டில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பினேன். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ‘சர்ர்’ என்று உரச வேண்டும். பிறகு அந்த உரசல் நிற்கும்வரை இரண்டு மூன்று பல் பின்னே. மறுபக்கமும் அப்படியே. இடையிடையே பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்தால் ஷூ நடுவாக உட்காரும்.

கேபிள் நட்டு கடைசியில்தான், அதுவும் அரைச் சுற்று அரைச் சுற்றாக. என் வண்டியின் கையேட்டில் 5 முதல் 7 க்ளிக். இப்போது 6-ல் பிடிக்கிறது. லிவரை இறக்கினால் இரண்டு சக்கரமும் தடையில்லாமல் சுற்றுகின்றன. இடப்பக்க ரப்பர் மூடிதான் எங்கே உருண்டதென்று தெரியவில்லை, புதிதாக வாங்க வேண்டும்.