எல்லாருக்கும் 120/80 எழுதும் மாணவிக்கு பிபி பார்க்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தர்மபுரியில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராக, அதாவது நர்சிங் மாணவிகளுக்கு வார்டில் பயிற்சி கொடுப்பவராகச் சேர்ந்த முதல் மாதம். முதலாமாண்டு மாணவி ஒருத்தி கொண்டுவந்த சார்ட்டில் ஆறு பேருக்கும் 120/80. ஏழாவது ஆளுக்கு மட்டும் 117/80. முள் நகரும் மேனுவல் மீட்டரில் ஒரு கோட்டுக்கு 2 மி.மீ. (பாதரச அளவு), அதில் 117 எங்கிருந்து வரும்? திட்டித் தீர்த்தேன். பிறகுதான் உறைத்தது, நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி.

கஃப் (கையில் சுற்றும் பட்டை) அளவு, கை இதய மட்டத்தில் இருப்பது, ஐந்து நிமிட ஓய்வு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் பிடித்துக்கொண்டது அறுவை மருத்துவர் ராட்னி பெய்ட்டன் 1998-ல் எழுதிய நான்கு படி முறை.

படி 1: வாயைத் திறக்காமல், வார்டில் பார்க்கிற அதே வேகத்தில் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

படி 2: அதையே நிதானமாக, காரணத்தோடு. நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, துடிப்பு மறைந்த இடத்துக்கு மேல் 30 மி.மீ. ஏற்றுவது ஏன்? காற்றை இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் துடிப்புச் சத்தம் சிலருக்கு நடுவில் காணாமல் போய்த் திரும்ப வரும். குறைவாக ஏற்றினால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு மேல் அளவைக் கோட்டை விடுவோம். இறக்கும் வேகம், நொடிக்கு 2 மி.மீ.

படி 3: இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். மாணவி சொல்ல வேண்டும், நாம் செய்ய வேண்டும். "பல்பை அமுக்குங்க மேடம்" என்றாள், காற்றடிக்கும் ரப்பர் உருண்டையைத்தான். காற்று வெளியேறாமல் அடைக்கும் வால்வை மூடச் சொல்லவில்லை. என் கை பழக்கத்தில் தானாக மூடிவிட்டது! மறுநாள் வார்டில் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு பம்ப் பம்ப் என்று அடிக்கிறாள், முள் நகரவே இல்லை. பென்னாகரம் பக்கத்துத் தாத்தா, "ஏம்மா, பஞ்சராயிடுச்சா?" என்று கேட்டார்.

அதனால் கண்டிப்பான விதி: அவள் சொன்னதை மட்டும் செய்யுங்கள், சொல்லாததைச் செய்யாதீர்கள். வால்வை மூடச் சொல்லவில்லையா? திறந்தபடியே அடியுங்கள். முள் அசையாததைப் பார்த்து அவளே "அய்யோ, வால்வு" என்பாள். அதுவரை பொறுமை, எனக்கு இன்றைக்கும் நாக்கு துறுதுறுக்கும். இதை நோயாளியிடம் செய்யக் கூடாது. லேபில், இன்னொரு மாணவியின் கையில். காற்றை இறக்க மறந்தால் மட்டும் நாமே இறக்கிவிட வேண்டும், கை மரத்துவிடும்.

படி 4: அவளே சொல்லி அவளே செய்வது. படி 3 சரியாக நடந்திருந்தால் இதில் நமக்கு வேலையே இல்லை.

வார்டுக்குப் போகும்போது, கையில் வைக்கும் வட்டு ஒன்றே, காதில் மாட்டுவது இரண்டு பேர் என்கிற மாதிரி இரட்டைக் குழாய் ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கிவிடுங்கள். மாணவியும் நாமும் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். வித்தியாசம் 4-க்குள் இருந்தால் விட்டுவிடுவேன். அதிகமென்றால் முதல் கேள்வி, "முதல் சத்தம் எங்க கேட்டுச்சும்மா?" நம் அளவைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். தப்பைச் சொல்வது நோயாளி முன்னால் வேண்டாம், வராண்டாவில் வைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் மெஷினை முதல் ஆறு வாரம் பீரோவில் பூட்டிவிடுங்கள். பாதரச மீட்டரும் வேண்டாம், உடைந்தால் பொறுக்கி எடுக்க நம்மால் ஆகாது. முள் மீட்டரே போதும்.

பின்சேர்க்கை 1: "பத்து பேருக்கு நான் ஒருத்தி, நாலு படிக்கு நேரம் ஏது?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு படி பத்துப் பேருக்கும் ஒன்றாக. மூன்றாவதிலிருந்து மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருத்தி சொல்ல, ஒருத்தி செய்ய, ஒருத்தி செக்லிஸ்ட்டில் டிக் அடிக்க. கை நீட்டுவதும் செய்கிறவளுக்கு எதிரே இருக்கும் டிக் அடிப்பவள்தான். மிஞ்சுகிற ஒருத்தி என்னோடு.

பின்சேர்க்கை 2: ஓசூர் பக்கத்திலிருந்து வந்த கேள்வி எனக்குத் தோன்றாதது. அங்கே தெலுங்கு, கன்னடம் பேசும் நோயாளிகள் அதிகம். மாணவி "பேசாதீங்க" என்கிறாள், பாட்டி பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார், அளவு ஏறிப்போகிறது. இப்போது படி 1-க்கு முன்பே "மாட்லாடகண்டி", "மாத்தாடபேடி" இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். உச்சரிப்பைக் கேட்டுப் பாட்டிகள் சிரித்துவிட்டால் இன்னொரு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.