நிழல் காணாமல் போகும் நாளில் ஜவ்வரிசி வத்தல் போடுவது எப்படி

கோடை லீவு விட்டாச்சு, பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்கிற தோழிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். அதிலும் ஏப்ரல் 24ஆம் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நடுப்பகலில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதே வெயில்தான் வத்தலையும் காய வைக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்கிறோம். பெரியவன் எட்டாவது, சின்னவள் மூன்றாவது, கூடவே என் மாமியார், வீட்டுக்காரர், நான். ஐந்து பேருக்கும் அன்றைக்கு வேலை உண்டு.

இதுவரை வத்தலே போட்டதில்லை என்றால் ஜவ்வரிசியில் தொடங்குங்கள். அரிசிக் கூழ் வத்தலுக்கு அரைக்கணும், புளிக்கணும், கிளறக் கை பலமும் வேணும். ஜவ்வரிசிக்கு இதெல்லாம் தேவையில்லை.

வாங்க வேண்டியது

மாவு ஜவ்வரிசி 200 கிராம், பச்சை மிளகாய் ஆறு, உப்பு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பெருங்காயம் இரண்டு சிட்டிகை, ஒரு எலுமிச்சம்பழம். கடையில் நைலான் ஜவ்வரிசி என்றும் ஒன்று கொடுப்பார்கள், அதிலும் செய்யலாம், ஆனால் வேக நேரம் பிடிக்கும். முதல் முறைக்கு மாவு ஜவ்வரிசியே போதும். உப்பைப் பார்த்து இது குறைச்சலாக இருக்கிறதே என்று கூட்டிவிடாதீர்கள். தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது, அதனால் கூழை வாயில் வைத்தால் உப்பு கொஞ்சம் மட்டாகத் தெரிவதுதான் சரி.

பாக்கெட்டைப் பிரிக்கும்போது இது எந்தச் செடியில் காய்க்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவன் ஏதோ ஒரு தானியம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது, பெரும்பாலும் சேலம் பக்கத்திலிருந்து வருகிறது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மறுநாள் சந்தையில் ஒரு மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்து வெட்டிக் காட்டினேன். அந்தப் பாலைக் கையில் தொட்டுப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

23ஆம் தேதி ராத்திரி

ஜவ்வரிசியைக் கழுவி 300 மில்லி தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு உருண்டை உருண்டையாக வீங்கி நிற்கும். தராசு இருந்தால் ஊறப் போடுவதற்கு முன்னால் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்த நோட்டு பின்னால் தேவைப்படும்.

காலை ஐந்தரை: கூழ்

சீக்கிரம் எழுந்திருப்பதற்குக் காரணம் கடற்காற்று. சென்னையில் கோடையில் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று திரும்பும், நமக்கு அது சுகம், ஆனால் ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று, வத்தலுக்கு ஆகாது. திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு முன்னாடியே வந்துவிடும், அம்பத்தூர் பக்கம் தாமதமாகும். எங்கள் மேற்கு மாம்பலத்தில் முதல் வருடம் பத்து மணிக்கு நிதானமாகப் போய்ப் பரப்பினோம், பாதிதான் காய்ந்தது, அதை ராத்திரி மாடியிலேயே விட்டுவிட்டோம், காலையில் பார்த்தால் பனி இறங்கிப் புளிச்ச வாடை. மொத்தமும் வீண். சின்னவள் அழுதே விட்டாள். அதற்கப்புறம் ஏழரை மணிக்கு மேல் நாங்கள் பரப்புவதே இல்லை.

அடி கனமான பாத்திரத்தில் 1.2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஊறின ஜவ்வரிசியைப் போட்டு, தணலைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் வெள்ளை முத்துகள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிற வரைக்கும் வேகவில்லை என்று அர்த்தம். அந்தப் புள்ளி மறைந்துவிட்டதா என்று பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் விட்டுக் காட்டுங்கள், அடுப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள், கொதிக்கிற கூழ் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

பச்சை மிளகாயையும் உப்பையும் விழுதாக அரைத்துச் சேர்த்து, சீரகம் பெருங்காயம் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு ஆறின பிறகுதான்.

பதம்தான் முக்கியம். கரண்டியால் எடுத்து விட்டால் தானாகக் கொஞ்சம் பரவி ஒரு வட்டமாக நிற்க வேண்டும். ஓடினால் தண்ணீர் அதிகம், காய்ந்ததும் தாள் மாதிரி ஆகி உரிக்கும்போதே உடையும். பரவாமல் குவியலாக நின்றால் கெட்டி, உள்ளே காயாது, பொரித்தால் நடுவில் கடுக்கென்று இருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். ஆற ஆறக் கூழ் இறுகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது துளி இளக்கமாக இருப்பது நல்லது.

ஆளுக்கு ஒரு கிண்ணம் கூழ் எடுத்து வைத்துவிடுங்கள். மோர் ஊற்றிக் குடித்தால் அன்றைக்குக் காலைச் சாப்பாடே அதுதான். என் மாமியார் இதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

ஏழு மணி: மாடி

கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு எடுத்துப் போங்கள், சுடச்சுட பிளாஸ்டிக் விரிப்பில் ஊற்ற வேண்டாம். பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்தும் போடலாம், எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் அதில் உரிப்பதற்குப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து மெதுவாக எடுக்கணும், புதிதாகச் செய்பவர்களுக்கு விரிப்பு சுலபம். நாலு மூலையிலும் கல் வையுங்கள். ஒரு சின்னக் குழிக்கரண்டி அளவு, ஒன்றோடொன்று ஒட்டாமல். இந்த அளவுக்கு எங்களுக்கு எண்பது சொச்சம் வத்தல் வந்தது, எண்ணியது சின்னவள். வரிசைக்குப் பத்து என்று அவளே வைத்துக்கொண்டாள், எட்டு வரிசை முடிந்து மூன்று மிச்சம் என்று வந்து சொன்னாள். வாய்ப்பாட்டை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னபோது இந்த வேகம் வந்ததில்லை.

காக்காய்க்குக் காவல் போடணும். கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைப்பது பழைய வழக்கம், கொஞ்ச நேரம் பயப்படும், அப்புறம் குடை மேலேயே உட்காரும். முறை போட்டு ஆள் உட்காருவதுதான் வழி. காவல் இருக்கிறவர்கள் அரைகுறையாகக் காய்ந்ததைப் பிய்த்துத் தின்பார்கள். தின்னட்டும், அந்த ருசி அன்றைக்கு மதியம் மட்டும்தான் கிடைக்கும்.

பதினொன்றே முக்கால்: குழாய்

ஒரு அடி நீளப் பிவிசி குழாய், அல்லது நேரான ஏதாவது ஒரு கம்பு. மணல் நிரப்பின டப்பாவில் நட்டு, கொத்தனார் செய்கிற மாதிரி நூலில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் வெள்ளைத் தாள், ஒரு பென்சில், செருப்பு (தரை கொதிக்கும்). 11.50இல் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி. சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, 12 மணி 7 நிமிடம் வாக்கில் குழாயின் காலடிக்குள் போய்விடும். பெரியவன் கேட்ட கேள்வி, ஏன் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை? நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, சென்னை இருப்பது 80.27இல், அதாவது மேற்கே இரண்டே கால் பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம், ஆக 9 நிமிடம் தாமதம். பூமியின் சுற்றுப்பாதையாலும் சாய்வாலும் அந்த வாரத்தில் சூரியன் 2 நிமிடம் முந்துகிறது, கழித்தால் 7. இதை நானும் வீட்டுக்காரரும் முந்தின நாள் உட்கார்ந்து படித்துக்கொண்டோம், எங்களுக்கும் அது புதுசு. 1906இல் இந்திய நேரம் வருவதற்கு முன்னால் மெட்ராஸ் நேரம் என்றே ஒன்று இருந்தது, நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டின வானாய்வு நிலையம்தான் அதைக் கணித்தது, ரயில்கள் அந்த நேரத்தில் ஓடின. அந்த நேரப்படி பார்த்தால் நம் நிழல் பன்னிரண்டுக்கு 2 நிமிடம் முன்னாடியே மறைந்திருக்கும்.

மாமியார் பிறந்த வில்லிவாக்கத்து வீட்டில் கிணறு இருந்ததாம். வருஷத்தில் ஓரிரு நாள் மட்டும் வெயில் அடித்தண்ணீர் வரைக்கும் இறங்கும், அடியில் கிடக்கிற வாளி கூடத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது ஏன் என்று அறுபது வருடம் கழித்து இந்தக் குழாய்ப் பக்கத்தில் நிற்கும்போது பேரன் அவருக்கு விளக்கினான். அவர் அவன் கையை விடவே இல்லை.

அந்தக் குழாயை அப்படியே வைத்திருங்கள். மே மாதம் முழுக்க நடுப்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும், சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஜூன் 21 வாக்கில் ஒரு அடிக் குழாய்க்கு ஐந்தரை சென்டிமீட்டர் வரை தெற்கே நீளும், அப்புறம் சுருங்கத் தொடங்கும். இன்னும் ஆர்வமாக இருந்தால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள், மாடியில் பார்த்ததை அங்கே கூரையில் பார்ப்பது தனி அனுபவம்.

சாயங்காலமும் அடுத்த நாட்களும்

மேல்பக்கம் காய்ந்து ஓரம் எழும்பியிருக்கும். மெதுவாக உரித்துத் திருப்பித் தாம்பாளத்தில் போட்டு வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுங்கள், பனியில் விடவே கூடாது. இன்னும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். ஒன்றை எடுத்து ஒடித்தால் வளையாமல் சட்டென்று உடையணும், தட்டில் போட்டால் கலகலவென்று சத்தம் வரணும்.

இப்போது அந்த நோட்டை எடுங்கள். எங்கள் கணக்கு: கூழ் ஒன்றரை கிலோ, காய்ந்த வத்தல் 220 கிராம். மிச்சம் ஒன்னேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர், எல்லாம் வெயில் குடித்தது. சின்னவள் அவ்வளவு தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

பொரிக்க எண்ணெய் நன்றாகக் காயணும், ஒரு துண்டு போட்டதும் நொடியில் பூத்து மேலே வரணும். வத்தலுக்குள் மிஞ்சியிருக்கிற துளி ஈரம் ஆவியாகி அதை ஊத வைக்கிறது. எண்ணெய் காயாமல் போட்டால் பூக்காமல் எண்ணெய்தான் குடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஐப்பசி மழைக்கு ரசம் சாதத்தோடு வரும்.

ஆகஸ்ட் 18 அன்று சூரியன் திரும்பி வரும்போது இன்னொரு முறை நிழல் மறையும், நேரம் 12.13. மேகம் இருந்தால் பார்க்க முடியாது, பள்ளியும் இருக்கும், அதனால் இந்த முறை குழாயைச் சின்னவள் பள்ளிக்கு எடுத்துப் போகிறாள், டீச்சரிடம் பேசிவிட்டாள். அவள் வந்ததும் பொரிக்க இருபது வத்தல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.