மதுரை – திப்ருகர்: தூரத்தைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்

அசாமில் இருக்கும் திப்ருகருக்கு விமான டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் போனில் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். "2,645 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம்னு போட்டிருக்கு. காலையில கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்குப் போயிரலாம்ல?" எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் நம்பினேன்.

மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க கொஞ்சம் சேர்த்த கணக்கு அது. அப்படி நேராகப் பறக்கும் விமானம் கிடையாது. பெரும்பாலும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் மாற வேண்டும். இத்தனைக்கும் இரண்டு ஊரும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கின்றன. 420, 1,385, 850 என்று கூட்டிப் பாருங்கள், 2,655 வரும். தூரம் பத்தே கிலோமீட்டர்தான் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்கு ஊர்ந்து, ஏறி, இறங்கி என்று விமானத்துக்குள் மட்டும் ஐந்து மணி நேரம் போய்விடும். காத்திருப்பையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம் சாதாரணம்.

தனித்தனி டிக்கெட்

இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இன்றைக்கும் யாராவது செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

திப்ருகருக்குப் பக்கத்தில் துலியாஜானில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க ஓர் அம்மா கிளம்பினார். சில நூறு ரூபாய் மிச்சமாகிறதே என்று, கொல்கத்தா வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட் என்று போட்டுக் கொடுத்தேன். இடைவெளி ஒன்றே முக்கால் மணி நேரம். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். தனி டிக்கெட் என்பதால் பெட்டி தானாக மாறாது. எடுத்துக்கொண்டு வெளியே போய் மறுபடி போட வேண்டும். மஞ்சள் கயிறு கட்டிய முறுக்கு டின் பெல்ட்டில் கடைசியாக வந்ததாம். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்டரை மூடிவிட்டார்கள்.

ஒரே பி.என்.ஆர்., அதாவது முழுப் பயணத்துக்கும் ஒரே பதிவு எண் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. இரண்டு பி.என்.ஆர். என்றால் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் திரும்பக் கிடைக்கும். அந்த அம்மா ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் டிக்கெட் மூன்று மடங்கு விலை. அதை என் கையிலிருந்து கட்டினேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. "தம்பி, இங்க யாருக்கும் தமிழ் தெரியலப்பா" என்று போனில் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வேறு வழியே இல்லை, தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்றால் ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சித்திரை, வைகாசி சாயங்காலங்களில் கொல்கத்தாவில் கால்பைசாகி புயல்மழை அடிக்கும். அப்போது ஐந்தும் போதாது, ஒரு நாள் தங்குவதுதான் சரி.

டெல்லி வழி

1,200 கிலோமீட்டர் கூடுதல் சுற்று. ஆனாலும் ஒரே இடத்தில் மாறுகிற மாதிரி கிடைத்தால் எடுங்கள், மூடுபனி மாதங்களில் மட்டும் வேண்டாம்.

நாலரைக்கு இருட்டு

டிசம்பரில் திப்ருகரில் நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு இறங்கினால் துலியாஜான் வரை இருட்டில்தான் கார்ப் பயணம். வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.